நெருக்கடியில் செபத்தைத் தேடுகிறவர்களுக்கு: எது முதலில், எது பிறகு

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். மகன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு ஐசியூவில் கிடக்கிறான். கிழமைக்குக் கிழமை லோன் காசு வாங்க வருகிறவர் வாசலில் நிற்கிறார். இப்படியான நேரத்தில் வருடக்கணக்காகக் கோயில் பக்கம் போகாதவர்களும் கோயிலைத் தேடுவார்கள். கோயில் வாசலையே மிதிக்காத குடும்பங்களும் "எங்களுக்காக ஒருக்கா செபம் பண்ணுங்க" என்று கேட்கும். அவர்களுக்கும், முதன்முதலாக அவர்களுக்குத் துணையாகப் போகிற இளம் ஆட்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நோயாளரைச் சந்திக்கும் குழுவோடு இலங்கையின் கிழக்கில் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று வார்டுகளுக்கும் வீடுகளுக்கும் போய்வருகிறேன். விசுவாசம் இல்லாமல் சறுக்குகிறவர்களை நான் கண்டது குறைவு. வரிசை பிழைத்துச் சறுக்குகிறவர்கள்தான் கூட. செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்திருப்பார்கள். முன்னுக்கு வர வேண்டியது பின்னுக்குப் போயிருக்கும்.

வரிசைக்கு வேதத்திலேயே ஒரு வழிகாட்டி இருக்கிறது. முதலாம் அரசர் நூல், 19ஆம் அதிகாரம் (கத்தோலிக்கம் அல்லாத சபைகளின் வேதாகமத்தில் 1 இராஜாக்கள்). இறைவாக்கினர் எலியா சூரைச்செடிக்குக் கீழே படுத்துக்கொண்டு "போதும் ஆண்டவரே, என் உயிரை எடும்" என்கிறார். வானதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்தார், தூங்கவிட்டார், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். மலையில் கடவுளுடைய மெல்லிய குரல் கேட்டது 40 நாள் நடந்த பிறகுதான். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

நோயாளியின் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, குடிக்கிற மருந்துகளின் பெயர் எழுதிய துண்டு. உங்கள் பங்குச் சுவாமியின் (கத்தோலிக்கக் குருவின்) அல்லது பாஸ்டரின் நம்பர். 1990 (அம்புலன்ஸ்), 1926 (மனநல உதவி) என்ற இரண்டு இலக்கங்கள். ஒரு சின்னக் கொப்பியும் பேனையும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் கொழுவிவிடுங்கள். அடையாள அட்டையை அலுமாரியில் தேடிக்கொண்டு நிற்கிற வீடுகளில்தான் பதற்றம் இரண்டு மடங்காகிறது.

1. முதலில் 1990, செபமாலை வாகனத்துக்குள்

நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், நஞ்சு, இரத்தப்போக்கு, வலிப்பு நிற்காமல் வருவது: இவற்றில் எது என்றாலும் முதல் வேலை 1990க்கு அடிப்பது. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். செபத்தை வாகனம் வரும்வரையும், வாகனத்துக்குள் இருந்தும் சொல்லலாம்.

இதில் அடிக்கடி காண்கிற பிழை பாரிசவாதத்தில் நடக்கிறது. முகம் ஒரு பக்கம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறும். வீட்டார் "காற்றுப் பட்டிருக்கு" என்று எண்ணெய் பூசி, தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்துச் செபிக்கச் செய்வார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். ஸ்கேன் எடுக்கவும் அதற்குள்ளேதான் நேரம் வேணும்.

டொக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். நோயாளி செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்று அங்கே இருக்கிறது. அந்த நூலை ஏற்காத சபையாருக்கு கொலோசெயர் 4:14 போதும். பவுலோடு கூட நின்ற லூக்கா ஒரு மருத்துவர்.

2. சாப்பாடும் நித்திரையும்

நோயாளியை வார்டில் சேர்த்த பிறகு கவனிக்க வேண்டியது பக்கத்தில் நிற்கிறவரை. ஆஸ்பத்திரி விறாந்தையில் பாய் போட்டு இருக்கிற தாய் காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடித்திருக்க மாட்டார். அவரிடம் வேதவசனம் சொல்ல முன் ஒரு பார்சல் சாப்பாட்டையும் தண்ணீர்ப் போத்தலையும் கொடுங்கள். பசித்தவருடைய காதில் ஆறுதல் ஏறாது. இரண்டு இரவு விழித்தவர் எடுக்கும் முடிவுகளும் பிழைத்துப்போகும்.

உபவாச செபம் பற்றி ஒரு கண்டிப்பு. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர், குளிசை குடிக்கிறவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோர் உபவாசம் இருக்க வேண்டாம். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி மயங்கி விழுவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை நோயாளிகளுக்கு ஒருசந்திக் (உபவாச) கடமை வைப்பதில்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்க முன் இருக்கிற ஒரு மணித்தியால உபவாசம்கூட நோயாளிகளையும் அவர்களைப் பராமரிக்கிறவர்களையும் கட்டுப்படுத்தாது. உபவாசம் இருக்கத்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், உடம்பு சுகமாக இருக்கிற ஒருவர் அவர் பேரில் இருக்கட்டும்.

3. முழுக் கதையையும் ஒரே ஒரு ஆளிடம்

நெருக்கடி வந்தவுடன் வட்ஸ்அப் குழுமத்தில் "அவசர செப விண்ணப்பம்" என்று போடுகிறார்கள். நோயின் பெயர், வார்ட் இலக்கம், சில வேளை காயத்தின் படமும். ஒரு மணித்தியாலத்தில் அந்தச் செய்தி கனடாவரை போய், அங்கேயிருந்து ஆளாளுக்குப் போன் எடுக்கிறார்கள். நோயாளியின் மகள் செபிக்கவும் நேரமில்லாமல் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்பாள்.

அதற்குப் பதிலாக ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்கள். வாய்க்கட்டுப்பாடு உள்ளவர், அழுதால் பதறாதவர், நாளைக்கும் வரக்கூடியவர். கடன் தொகையைக்கூட மறைக்காமல் அவரிடம் எல்லாம் சொல்லுங்கள். மற்றவர்களுக்குச் செய்தி சொல்வதை அவர் பார்த்துக்கொள்வார். குழுமத்துக்கு "எங்கள் குடும்பத்துக்காகச் செபியுங்கள்" என்ற ஒரு வரி போதும். கடவுளுக்கு வார்ட் இலக்கம் தேவையில்லை.

வெளியே சொல்லவே முடியாத விசயம் என்றால் பாவசங்கீர்த்தனம் (சுவாமியிடம் தனியே பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) இருக்கிறது. அங்கே கேட்டதைச் சுவாமி எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் சொல்லக்கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

வீட்டுக்குள் அடி உதை நடக்கிற பெண் ஒருவர் உங்களிடம் வந்தால் "பொறுத்துப் போ புள்ள, சிலுவையைச் சும" என்று சொல்லி அனுப்பாதீர்கள். மன்னிப்புக்குப் பிறகு காலம் இருக்கிறது. அன்றிரவு அவரும் பிள்ளைகளும் எங்கே படுப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் 119.

4. சுவாமியைக் கூப்பிடுவது: பேச்சு இருக்கும்போதே

நான் கண்ட தாமதங்களில் பெரியது இதுதான். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில் பூசுதல் என்ற அருட்சாதனத்தைச் சாவுக்கான சடங்காகவே இன்னும் பலர் நினைக்கிறார்கள். மூச்சு இழுக்கிற நேரத்தில்தான் போன் வரும். சுவாமி வந்து சேரும்போது நோயாளிக்கு யார் வந்தது என்றும் தெரியாது.

"இப்பவே சுவாமியக் கூட்டி வந்தா அவர் பயந்திருவார் தம்பி" என்று ஒரு அம்மா சொன்னார். கட்டிலில் இருந்த கணவர் கண்ணைத் திறக்காமலே, "அப்ப நான் செத்த பிறகா கூட்டி வரப்போறா?" என்று கேட்டார். அநேகமாக நோயாளியை விட வீட்டாருக்குத்தான் பயம் கூட.

திருச்சபையின் ஒழுங்கு இதுதான்: கடும் நோயில் இருக்கிறவர், பெரிய ஒப்பரேசனுக்குப் போகிறவர், முதுமையில் தளர்ந்துபோனவர் எல்லோரும் பூசுதல் பெறலாம். சுகமாகித் திரும்பவும் நோய் வந்தால், அல்லது அதே நோய் கூடினால், மீண்டும் பெறலாம். அருட்தந்தையோ (சுவாமியோ) ஆயரோதான் (பிஷப்போதான்) இதைக் கொடுக்க முடியும். திருத்தொண்டரோ (டீக்கனோ) அருட்சகோதரியோ செபிக்கலாம், நற்கருணை கொண்டு வரலாம், பூச முடியாது. இதன் வேர் யாக்கோபு 5:14-15இல் இருக்கிறது. அதே வசனத்தை வைத்து மற்றச் சபைகளிலும் மூப்பர்களும் பாஸ்டர்மாரும் எண்ணெய் பூசிச் செபிக்கிறார்கள்.

போனில் சொல்ல வேண்டியவை: நோயாளியின் முழுப்பெயர், ஆஸ்பத்திரி, வார்ட், கட்டில் இலக்கம், நினைவு இருக்கிறதா, விழுங்க முடியுமா, கடைசியாக எப்போது நன்மை (நற்கருணை) வாங்கினார். விழுங்க முடியுமா என்பது முக்கியம். முடியாது என்றால் நற்கருணையில் மிகச் சிறிய துண்டு கொடுப்பதா, விடுவதா என்று சுவாமி முன்கூட்டியே யோசித்து வருவார். "அப்பாவுக்கு ஏலாது, கெதியா வாங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்தால், வந்தவர் வார்ட் வார்டாகத் தேட வேண்டிவரும்.

வீட்டில் என்றால் ஒரு சின்ன மேசை, வெள்ளைத்துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையப்பட்ட சிலுவை), மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர் வையுங்கள். ஒட்சிசன் ஏற்றுகிற வீட்டிலும் வார்டிலும் மெழுகுதிரி கொளுத்த வேண்டாம். ஒட்சிசனுக்குப் பக்கத்தில் சிறு நெருப்பும் பெரிதாகப் பிடிக்கும். திரி இல்லாவிட்டால் அருட்சாதனத்தில் ஒன்றும் குறையாது.

பேச முடிந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம். அந்த நேரம் எல்லோரும் வெளியே போக வேண்டும், மனைவியும்தான். பிறகு எல்லோரும் உள்ளே வர, சுவாமி தலையில் கைவைத்து மௌனமாகச் செபித்து, நெற்றியிலும் இரண்டு கைகளிலும் எண்ணெய் பூசுவார். அது பெரிய கிழமையில் ஆயர் மந்திரித்துக் கொடுக்கிற நோயாளர் எண்ணெய். கடைசியாக நற்கருணை. சேலைன் ஊசி ஏறிய கையில் பிளாஸ்டர் இருந்தால் அதைக் கழற்றப் பார்க்காதீர்கள். தெரிகிற இடத்தில் தொட்டாலே போதும்.

வார்டில் போக முன் மிஸ்ஸிடம் (தாதியிடம்) கேட்டுவிட்டுப் போங்கள். அடுத்த கட்டிலில் இஸ்லாமியத் தாய், அதற்கடுத்து நெற்றியில் திருநீற்றோடு ஒரு அப்பா. கல்முனையில் இது எந்த நாளும் காண்கிற காட்சி. எல்லோருக்கும் கேட்கும்படி அல்லேலூயா போட்டால் உங்கள் நோயாளிதான் வெட்கப்படுவார். குனிந்து, காதுக்குப் பக்கத்தில், மெதுவாக. நினைவில்லாதவருக்கும் அப்படியே: பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் யார் என்று சொல்லி, பிறகு செபியுங்கள். கேட்கும் சக்தி கடைசிவரை இருக்கலாம் என்பதால், அவருக்குக் கேட்காது என்று நினைத்து ஆஸ்பத்திரிச் செலவைத் தலைமாட்டில் நின்று கதைக்கவும் கூடாது.

5. செபம் வராதபோது

"வாயே வருகுதில்ல" என்பார்கள். அது இயல்பு. பதற்றத்தில் இருக்கிறவருக்கு நீண்ட செபம் ஓடாது. பழக்கமில்லாதவர் எடுத்த எடுப்பில் ஒன்பது நாள் நவநாள், மூன்று செபமாலை என்று தொடங்கி மூன்றாம் நாள் நிறுத்திவிட்டு, "நான் விட்டதாலதான் இப்படி ஆகிட்டு" என்று தன்னையே குற்றம் சொல்லத் தொடங்குவார். சின்னதாகத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

13ஆம் திருப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள் (மற்றச் சபைகளில் 13ஆம் சங்கீதம்). ஆறே வசனம். முதலில் எவ்வளவு காலம் ஆண்டவரே, என்னை மறந்துவிட்டீரா என்று சண்டை பிடிக்கிறது. நடுவில் கேட்கிறது. கடைசியில்தான் நம்புகிறேன் என்கிறது. நம்பிக்கையை முன்னுக்கு வைக்கச் சொல்லி அந்தப் பாட்டு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அதே அமைப்பில் உங்கள் கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள். நடந்தது என்ன, உங்களுக்கு எப்படி இருக்கிறது, என்ன வேண்டும். உதாரணத்துக்கு: "ஆண்டவரே, தம்பிக்கு இன்னும் நினைவு வரல்ல. எனக்கு உம்மில கோவம். நாளைக்கு அவன் கண்ணத் திறக்க வேணும்." கோவம் என்ற சொல்லைப் பார்த்துச் சிலர் தயங்குகிறார்கள். 88ஆம் திருப்பாடல் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை தன் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறது.

எழுத வாசிக்க முடியாத அளவுக்குக் களைப்பு என்றால் "இயேசுவே, இரங்கும்" என்ற இரண்டு சொல்லை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. ஒரு நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், காலை தேத்தண்ணிக்கு முன் என்றாலும் சரி. மனநிலையைப் பார்த்துச் செபிக்கக் காத்திருந்தால் நாள் ஓடிவிடும்.

6. "யார் செய்த பாவம்?"

இந்தக் கேள்வி எப்படியும் வரும். ஊனத்தோடு பிறந்த பிள்ளையின் தாயிடம் ஒருவர் கேட்பார், அல்லது தாயே தன்னிடம் கேட்டுக்கொள்வார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்டதும் இதுதான். இவனும் பாவம் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்பது இயேசுவின் பதில். துணைக்குப் போகிறவர் இந்த ஒரு பகுதியை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவரோடு நிலத்தில் இருந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். கதைக்கத் தொடங்கிய பிறகுதான் பிழைத்தது.

"பேய் பிடிச்சிருக்கு, செய்வினை" என்று சொல்லப்படுகிற இடங்களில் முதலில் டொக்டர். வலிப்பு, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனக்குழப்பம், மனச்சிதைவு எல்லாம் பார்க்கிறவருக்குப் பேய் போலத்தான் தெரியும். கத்தோலிக்க ஒழுங்கில் ஆயரின் தனி அனுமதி இல்லாமல் எந்தச் சுவாமியும் பேயோட்டும் சடங்கு செய்ய முடியாது. அதற்கு முன் இது நோய் இல்லை என்று பார்த்திருக்கவும் வேண்டும். ஒருவரைக் கட்டிவைத்தோ, அடித்தோ, பட்டினி போட்டோ செபிக்கிற இடம் எதுவென்றாலும் அங்கிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

7. சுகமளிக்கும் கூட்டத்துக்கும் திருத்தலத்துக்கும் போக முன்

போங்கள். போக வேண்டாம் என்று சொல்கிறவன் நான் அல்ல. ஆயித்தியமலைத் திருத்தலத்துச் சதா சகாய அன்னையிடம் கால்நடையாகப் போய்வருகிறவர்களின் முகத்தில் நான் கண்ட தெம்பைப் பொய் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் சிலவற்றைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

காசு முதலில் வருகிறதா? இவ்வளவு தந்தால் இவ்வளவு சுகம் என்ற பேச்சு வந்த இடத்தில் எழும்பலாம். நேர்த்தி வைப்பதிலும் இதே கவனம் வேண்டும். அடகில் இருக்கிற நகையையும் லோன் எடுத்த காசையும் நேர்ந்துவிட்டுக் கடனில் முங்கியவர்கள் உண்டு. உங்கள் கையில் இருப்பதை நேருங்கள்: ஒரு மெழுகுதிரி, ஒரு நாள் நடை, ஒரு ஏழைக்குச் சாப்பாடு.

மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு, மனநோய், காசநோய் ஆகியவற்றுக்கான மருந்தை டொக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. சுகமாகிவிட்டது என்று மனதுக்குப் பட்டால் கிளினிக்குக்குப் போய் டெஸ்ட் பண்ணுங்கள். லூக்கா 17இல் இயேசு பத்துத் தொழுநோயாளரையும் குருக்களிடம் போய்க் காட்டச் சொல்லித்தான் அனுப்பினார். அந்தக் காலத்தில் நோய் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்கிறவர்கள் குருக்கள்தான்.

சுகம் கிடைக்காதவரை என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். "உனக்கு விசுவாசம் பத்தாது" என்று அவர் தலையில் சுமையேற்றுகிற இடம் நல்ல இடமல்ல. பவுல் தன் உடலில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார். முள் போகவில்லை, என் அருள் உனக்குப் போதும் என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12). பவுலுக்கு விசுவாசம் பத்தாது என்று யாரும் சொல்லத் துணிவதில்லை.

இந்துக் குடும்பத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல். சுகத்துக்கு விலையாக ஞானஸ்நானம் கேட்கிற யாருக்கும் தலையாட்ட வேண்டாம். கத்தோலிக்கத்தில் பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற மாதக்கணக்கில் ஆயத்தம் உண்டு. ஆறுதலாக யோசித்து, வீட்டாரோடு கதைத்து முடிவெடுக்கிற விசயம் அது. சாகக் கிடக்கிறவர் தானாக விரும்பிக் கேட்டால் மட்டும் கதை வேறு. சுவாமி வர நேரமில்லாவிட்டால் அங்கே நிற்கிற எவரும், திருச்சபை எண்ணுகிறபடி கொடுக்க மனதுள்ளவராக இருந்தால், தண்ணீர் வார்த்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம். மற்றவர்கள் செபம் மட்டும் கேட்டு வந்தால் செபம் மட்டும் செய்து அனுப்புவதுதான் மரியாதை.

8. "செத்தாக் காணும்" என்று ஒருவர் சொன்னால்

எந்தப் படியில் நின்றாலும் இது வந்தால் மற்றதெல்லாம் நிற்கட்டும். நேராகக் கேளுங்கள்: "உயிரை எடுக்க நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஒருவராவது கேட்டாரே என்று மூச்சு விடுவார்கள். "தற்கொலை பாவம் தெரியுமா" என்று தொடங்கினால் வாயை மூடிக்கொண்டுவிடுவார்.

தனியே விடாதீர்கள். வயல் மருந்து (பூச்சிகொல்லி), குளிசை எல்லாம் வீட்டைவிட்டுப் போகட்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எந்த நேரமும் அடிக்கலாம். ஆபத்து கிட்ட என்றால் 1990, அல்லது நேரே ஆஸ்பத்திரி. செபம் அந்தப் பயணத்தில் கூட வரட்டும்.

அப்படி ஒருவர் போய்விட்ட வீட்டில் "கோயிலில அடக்குவாங்களா" என்று காதுக்குள் கேட்பார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி, தன்னுயிர் எடுத்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று சொல்லி, அவர்களுக்காகச் செபிக்கவும் செய்கிறது. பங்குச் சுவாமியிடம் மறைக்காமல் கதையுங்கள்.

9. 31க்குப் பிறகு

சாவு வீட்டில் 31ஆம் நாள் பூசையோடு சமையல் சட்டி கழுவிக் கவிழ்க்கப்படும். அடுத்த நாளிலிருந்து வீட்டுக்கு ஆள் வராது. உண்மையான வெறுமை அப்போதுதான் தொடங்குகிறது. நோயிலிருந்து மீண்டு வந்தவருக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று பார்த்தவர்கள் வீட்டில் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாட்களை எழுதுங்கள்: கிளினிக் திகதி, இறந்தவரின் பிறந்தநாள், ஆண்டு நாள். கரையோர வீடுகளில் டிசம்பர் 26 எழுதாமலே தெரியும். 2004இல் சுனாமி அலை கொண்டுபோன பிள்ளைக்கு இப்போது எத்தனை வயது என்று கணக்குப் பார்க்கிற தாய்மார் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்களில் பிள்ளைகள் பலர். அதற்குப் பிறகு கூட்டமாக இருக்கிற கோயிலுக்குள் போக உடம்பு நடுங்குகிறவரை "ஏன் பூசைக்கு வாறல்ல" என்று கேட்காதீர்கள். கதவுக்குப் பக்கத்து வாங்கில் இடம் பிடித்துக் கொடுங்கள், அல்லது ஆள் குறைந்த வார நாள் பூசைக்குக் கூட்டிப் போங்கள். அதுவும் முடியாதென்றால் நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று சுவாமியிடம் கேளுங்கள்.

துணைக்குப் போகிறவர்கள் அந்த நாட்களுக்கு முதல் நாள் ஒரு போன் எடுத்தால் போதும். "நாளைக்கு வரட்டா அக்கா? சமைக்க வேணாம், நான் கொண்டு வாறன்."